பைடிதல்லிக்கு எத்தனை வயது?

எங்கள் சிந்தலவலசையில் பெண்களுக்கு நடுவயது என்று ஒன்று கிடையாது. பதினேழு வருஷமாக இந்த ஊரின் ஆஷா என்கிற அரசாங்கச் சுகாதாரப் பணியாளாக, வீடு வீடாகப் போய்க் கர்ப்பத்தையும் தடுப்பூசியையும் எழுதிக்கொண்டு வருகிறவள் நான், பெயர் தவுடு. அதனால் தெரிந்துதான் சொல்கிறேன். பதினாறில் கல்யாணம் ஆகிறவளுக்கு ஆதாரில் பத்தொன்பது. நாற்பத்து நான்கில் இருக்கிறவளுக்கு ஆதாரில் அறுபது. எந்தத் திட்டம் வருகிறதோ அதற்கேற்றபடி ஊரே கூடி வயதை ஏற்றும், இறக்கும். பிறந்த தேதியைப் பற்றி யாராவது கேட்டால், "எதுக்குக் கேக்கற, அதச் சொல்லு மொதல்ல" என்பார்கள்.

அறுபது ஆனால் பென்ஷன் என்று அறிவித்த வருஷம் ஒரே மாதத்தில் முப்பத்தொரு பெண்கள் கிழவிகள் ஆனார்கள். அவர்களில் பைடிதல்லி அக்காவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு. மகன் அப்பலநாயுடு மண்டல அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டர் கடைக்கும் நாலு நடை நடந்து அம்மாவுக்குப் பதினாறு வருஷம் கூட்டிக்கொண்டு வந்தான். அதே கையோடு அப்பாவுக்கு மூன்று வருஷம் குறைத்தான். அப்பா சன்யாசி முந்திரி ஆலையில் காவல்காரர். ஐம்பத்தெட்டு ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக இன்றைய தேதியில் சன்யாசிக்கு ஐம்பத்து நான்கு, அவர் பெண்டாட்டிக்கு அறுபத்தேழு.

"என்ன மாமா, உங்கள விடப் பதிமூணு வயசு மூத்தவளக் கட்டியிருக்கீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "என்னத் தூக்கி வளத்தவளே அவதான் தாயி" என்றார்.

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஒரு பொய்யை ஏழு வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட்டால் அது வீட்டு மனுஷர் ஆகிவிடுகிறது. சங்கராந்திக்கு அக்கா சிவப்புச் சேலை எடுக்கப் போனால், "வயசான காலத்துல உனக்கெதுக்கும்மா சிவப்பு?" என்பான் மகன். கறிக்குழம்பில் அவளுக்கு எலும்பு போடமாட்டார்கள், பல் தாங்காதாம். அவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தது. போகப் போக அவளும் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்று முட்டியைப் பிடிக்கப் பழகிவிட்டாள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

போன தை மாதம் முந்திரித் தோப்புப் பக்கம் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"தவுடு, எனக்கு வர்றது சரியில்ல. நின்னு போச்சுன்னு நெனச்சேன். இப்ப எப்ப வருது, எப்ப நிக்குதுன்னே தெரியல. ஒரு மாதிரி நாத்தம் வேற."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் நாக்கை அறுத்துப் போடலாம். "அம்பத்தொரு வயசுல அப்படித்தான்க்கா. நிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் நிக்கும்" என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு அட்டை இரும்பு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். குழாயடியில் அவள் கேட்ட பெண்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான், என் அக்காவுக்கும் அப்படித்தான், என் நாத்தனாருக்கு இரண்டு வருஷம் அப்படித்தான். ஏழு மாதம் இப்படியே ஓடியது.

இதற்கு நடுவில் அந்த வீட்டில் இன்னொரு கர்ப்பப்பைக்கு ராஜ வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அது மருமகள் நாகமணியுடையது. அவளுக்கு வெள்ளை படுகிறது என்று கன்னபாபுவிடம் போனார்கள். கன்னபாபு எங்கள் ஊர் டாக்டர். டாக்டருக்குப் படித்தவர் அல்ல. பலாசாவில் ஒரு டாக்டரிடம் ஆறு வருஷம் ஊசி கொதிக்கவைத்தவர். கழுத்தில் அந்தக் குழாயைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்திக்கும் வருவார்.

அவர் நாகமணியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை வீங்கியிருக்கு. இப்படியே விட்டா புத்துநோய் ஆயிரும். ரெண்டு புள்ள ஆயிருச்சுல்ல, இனிமே அது எதுக்கு? எடுத்துரலாம்" என்றார்.

டவுனில் அவருக்கு வேண்டிய ஒரு நர்சிங் ஹோம் உண்டு. அங்கே வியாழக்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்தார். நாகமணிக்கு இருபத்தேழு வயது. அவள் தெருவில் ஏற்கெனவே பதினோரு பேருக்கு அப்படி எடுத்தாயிற்று. மாம்பழம் விலை விசாரிப்பதுபோல "உனக்கு எடுத்தாச்சா, எனக்கு எடுத்தாச்சு" என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள்.

கூடப் போயிருந்த பைடிதல்லி அக்கா தயங்கித் தயங்கித் தன் கதையையும் சொன்னாளாம்.

"உங்களுக்கா? அடுப்பே அணைஞ்சுபோன வீட்ல எங்கேம்மா தீப்பிடிக்கப் போகுது?" என்று கன்னபாபு சிரித்தாராம். சத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

கன்னபாபுவின் சாஸ்திரப்படி புற்றுநோய் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் உள்ளவர்களுக்குத்தான் வரும், அதுவும் ஆபரேஷன் தாங்குகிற உடம்பாகப் பார்த்து வரும். எங்கள் பெண்களின் சாஸ்திரப்படி அக்காவுக்கு ஐம்பத்தொன்று, ஆகவே ரத்தம் போவது சகஜம். கன்னபாபுவுக்கு அவள் அறுபத்தேழு, ஆகவே அவளுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எந்த வயதைச் சொன்னாலும் அவளுக்கு வியாதி வர அனுமதி கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முகாம் அறிவித்தார்கள். முப்பதிலிருந்து அறுபத்தைந்து வரை உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனை. எனக்கு நாற்பது பேர் இலக்கு. நாற்பது பேரைக் கொண்டுவராவிட்டால் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். "அங்கல்லாம் காட்ட மாட்டேன்" என்றவளிடம், "பதினோரு பேரு வெட்டவே காட்டியிருக்காங்க, நீ பாக்கறதுக்குக் காட்ட மாட்டியா?" என்று சண்டை போட்டேன். முப்பத்தெட்டு பேர் சேர்ந்தார்கள். நாகமணியையும் மாமியாரையும் நானே ஆட்டோவில் ஏற்றினேன். அப்பலநாயுடுவும் கூட வந்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்து வராந்தாவில் கம்ப்யூட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆதார் எண்ணைத் தட்டினால் திரையில் பச்சையோ சிவப்போ வரும். நாகமணிக்குப் பச்சை. கல்யாணத்துக்காக மூன்று வயது கூட்டியதில் அவளுக்கு ஆதாரில் சரியாக முப்பது. உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"சித்தி, டாக்டரம்மா வினிகர் தடவிப் பாத்தாங்க. கெட்டது இருந்தா அந்த எடம் வெளுத்துத் தெரியுமாம். ஒண்ணுமே இல்லயாம். வெறும் புண்ணாம், ஒரு வாரம் மாத்திரை போதுமாம். யாருடி ஒன்ன ஆபரேஷனுக்கு அனுப்பினதுன்னு திட்டறாங்க."

மாமியாருக்குச் சிவப்பு வந்தது.

"அறுபத்தேழு. அறுபத்தஞ்சுக்கு மேல எடுக்காதும்மா" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது சும்மா எழுதினது. அவளுக்கு நெசமா அம்பத்தொண்ணுதான்."

அவர் கையைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்படியா? அப்ப ஏழு வருஷமா முதியோர் பென்ஷன் வாங்கறது யாரு?"

அப்பலநாயுடு பாய்ந்து வந்தான். "அறுபத்தேழு சார்! எங்கம்மாவுக்கு அறுபத்தேழுதான்! நான் பாத்து வளந்த அம்மா, எனக்குத் தெரியாதா? சித்திக்கு வெயில்ல தல சுத்துது."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஆதார் நகலைப் பிடுங்கிக்கொண்டு நேராக உள்ளே போனேன். டாக்டர் ஸ்வர்ணலதா இருபதாவது ஆளை முடித்துக் கையுறையை மாற்றிக்கொண்டிருந்தார். சின்ன வயது, நல்ல மனுஷி, காலையிலிருந்து ஒரு வாய் டீ குடிக்கவில்லை.

"அம்மா, வெளிய ஒருத்தர் இருக்காங்க. அம்பத்தொரு வயசு. ஏழு மாசமா ரத்தம் போகுது."

அவர் தலை நிமிரவில்லை. "அம்பத்தொண்ணா? நிக்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும். இரும்பு மாத்திரை குடுங்க. அடுத்த மாசம் வரச்சொல்லுங்க, பாப்போம்."

நான் முந்திரித் தோப்பில் சொன்ன அதே வார்த்தைகள். அவர் எம்.பி.பி.எஸ். படித்தும் அதையே சொன்னார். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, நான் தப்பாகச் சொல்லிவிடவில்லை என்று. வெட்கமாக இருக்கிறது இப்போது.

நான் திரும்பப் போகும்போது என் கையில் இருந்த நகல் அவர் கண்ணில் பட்டது. "இதுல அறுபத்தேழுன்னு இருக்கே? அறுபத்தேழா? அப்ப எப்ப நின்னுச்சு அவங்களுக்கு?"

நான் நின்றேன். உண்மையைச் சொன்னபோது இந்த அறையில் யாரும் தலை நிமிரவில்லை. இப்போது டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு வருஷம் ஆச்சும்மா" என்றேன்.

"பதினேழு வருஷத்துக்கு முன்னாடி நின்னது திரும்ப வருதா? இத மொதல்ல சொல்ல மாட்டீங்களா! கூட்டிட்டு வாங்க, உடனே!"

"கம்ப்யூட்டர்ல சிவப்பு வருதும்மா..."

"கம்ப்யூட்டரத் தூக்கிக் கெணத்துல போடுங்க. இந்த முகாம் ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கறவங்களுக்கு. ரத்தம் போறவங்களுக்கு எதுக்கு முகாம்? அவங்கள எப்ப வந்தாலும் பாக்கணும். வயசானவங்களுக்கு அந்த எடம் உள்ள சுருங்கிப் போயிரும், வினிகர் தடவினாலும் தெரியாது. நேரா பாத்து, சதை எடுத்து அனுப்பணும்."

பார்த்தார். துளி சதை எடுத்துப் புட்டியில் போட்டார். வெளியே வந்து வெகுநேரம் கையைக் கழுவினார். புட்டியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், விசாகப்பட்டினத்துக்குச் சீட்டு எழுதறேன்" என்றார். சீட்டில் வயது அறுபத்தேழு என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வியாழக்கிழமை வந்தது, நாகமணி டவுனுக்குப் போகவில்லை. கன்னபாபு வீட்டு வாசலுக்கே வந்து, "அரசாங்க டாக்டருக்கு என்ன தெரியும், நாளைக்கு ஏதாவது ஆனா எங்கிட்ட வராதீங்க" என்று கத்தினார். "வர மாட்டோம்" என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். மருமகள்களிலேயே வாய் செத்தவள் என்று பேர் வாங்கியவள் அவள். சாயங்காலம் வரை தெரு முழுக்க அதுதான் பேச்சு.

பயணத்துக்குக் காசு புரட்டுவதற்குள் பத்து நாள் ஆகி, முடிவும் வந்துவிட்டது. புற்றுநோய்தான்.

அன்றைக்கு அப்பலநாயுடு என் வீட்டுக்கு வந்தான். "சித்தி, நீ அங்க வந்து எதையாவது ஒளறிடாத. பென்ஷன் போறது மட்டும் இல்ல, பழசையும் திருப்பிக் கேப்பாங்க, கேஸ் போடுவாங்க. அந்த வயசாலதான அம்மாவ உள்ள விட்டாங்க? நீதான சொன்ன?"

அவன் கேட்டதில் நியாயம் இருப்பதுபோல் எனக்கும் பட்டது. பொய் சொன்னபோது கதவு திறந்தது, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவன் கெட்டவன் அல்ல. அம்மாவுக்காக ஆட்டை விற்றான், வேலைக்குப் போகாமல் பத்து நாள் வீட்டிலேயே கிடந்தான், கையால் சாதம் பிசைந்து கொடுத்தான். அறுபத்தேழு வயதுத் தாயை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அப்படிப் பார்த்துக்கொண்டான்.

பாசஞ்சர் ரயிலில் விசாகப்பட்டினம் போனோம், அக்கா, மகன், நான். அங்கே டாக்டர் பட்நாயக் என்று நரைத்த மனிதர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"ஆபரேஷன் கட்டத்தத் தாண்டிருச்சு. பக்கத்துல பரவியிருக்கு. ஆனா தூரமாப் போகல. முழு வைத்தியம்னா அஞ்சு வாரம் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கணும். வாரா வாரம் மருந்து ஏத்தணும். அப்புறம் உள்ளயே வச்சுக் கரண்ட் குடுக்கணும். கடுமையான வைத்தியம்." சீட்டை மறுபடி பார்த்தார். "அறுபத்தேழு வயசு, ரத்தம் இவ்வளவு கம்மி, எடை முப்பத்தெட்டு கிலோ. தாங்குவாங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அஞ்சு நாள் கரண்ட் வச்சா ரத்தம் நின்னுரும், வலி கொறயும். வீட்ல இருக்கலாம்."

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருப்பாங்க."

"இதே சின்ன வயசுக்காரங்களா இருந்தா?"

"அம்பதுகள்ல இருந்தா யோசிக்கவே மாட்டேன். ரத்தம் ஏத்தி, உடம்பத் தேத்தி, முழுசாக் குடுத்துருவேன். இந்தக் கட்டத்துல வந்து பொழச்சுப் போனவங்க நெறைய பேர் இருக்காங்க."

நான் அப்பலநாயுடுவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னான்:

"அஞ்சு நாளே போதும் சார். வயசான உடம்பு. எதுக்குப் போட்டுக் கஷ்டப்படுத்தணும்."

பென்ஷனுக்காக அப்படிச் சொல்லியிருந்தால் அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். அவன் நடிக்கவில்லை. ஏழு வருஷமாக அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி, எழுதியவனே மறந்துபோயிருந்தான். அம்மா கிழவி, கிழவிகள் போய்ச் சேருவார்கள், அதற்கு அழவேண்டும் என்று மனதார அழுதுகொண்டிருந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பைடிதல்லி அக்கா பேசினாள்.

"டாக்டர் பாபு, எனக்கு அறுபத்தேழு இல்ல."

"அம்மா, நீ சும்மா இரு" என்றான் மகன்.

"ஏழு வருஷமா சும்மாதான்டா இருந்தேன்." அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முட்டியைப் பிடிக்கவில்லை. "இவன் எனக்குத் தலைச்சன் பாபு. பதினேழு வயசுல பெத்தேன். டேய், உனக்கு எத்தன வயசு? ஆதார்ல இருக்கறது வேணாம், நெசமான வயசச் சொல்லு."

அப்பலநாயுடு தரையைப் பார்த்தான். "முப்பத்திநாலு."

"கூட்டிக்கோங்க பாபு."

டாக்டர் கூட்டினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆதார்ல அறுபத்தேழுன்னுதானம்மா இருக்கு?"

"ஆதார் எழுதினவன் இவன். இவனப் பெத்தவ நான். யார நம்பறீங்க?"

"இத நான் மாத்தி எழுதினா உங்க பென்ஷனுக்குச் சிக்கல் வரும், தெரியுமில்ல?"

"தெரியும் பாபு" என்றாள் அவள். "அம்பத்தொண்ணுக்கும் அறுபத்தேழுக்கும் நடுவுல பதினாறு வருஷம் இருக்கு. அத இவன் எழுதி முடிச்சுட்டான். நான் இன்னும் வாழல. அத எனக்குக் குடுங்க."

டாக்டர் பட்நாயக் பேனாவை எடுத்து அறுபத்தேழை அடித்தார். அப்பலநாயுடு தடுக்கவில்லை. அம்மாவின் முகத்தை, வெகுநாள் பிரிந்திருந்தவன்போல, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.